கலவியலறிஞர் ஓசுமியின் ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோட் கணக்கும்

ஒருவர் இயற்றியதைப் பின்வந்தோர் எடுத்தாளுதல் அவர்க்குச் செய்யும் பெருமதிப்பு என்பது தமிழ் உரைமரபைக் கற்றோர் நன்கறிந்த செய்தி. பண்டை உரையாசிரியர்கள் தம் உரைகளில் எடுத்துக்காட்டிய செய்யுள்கள் பல, அவற்றைத் தந்த முதனூல்கள் மறைந்தொழிந்த பின்னரும் அவ்வுரைகளின் துணையால் நின்று நிலவுகின்றன. ஆயின் எந்தச் செய்யுள் எத்தனை உரைகளில் எடுத்தாளப்பட்டது என்று எண்ணி, அவ்வெண்ணுக்கேற்பப் புலவனுக்குப் பரிசிலோ பதவியோ வழங்குதல் வேண்டும் என அக்காலத்தார் கருதியதில்லை. அத்தகைய கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விஞ்ஞான உலகிலே வேரூன்றியது. ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், அவை எத்தகைய சஞ்சிகைகளில் வெளிவந்தன, பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர் என்னும் மூன்று வினாக்களுக்குரிய விடைகளே பல நாடுகளிற் பல்கலைக்கழகப் பதவியையும் பதவியுயர்வையும் ஆராய்ச்சி நிதியையும் தீர்மானிப்பனவாக வளர்ந்துவிட்டன.

இவ்வெண்கள் எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்டத் தவறுகின்றன என்பதைப் பொதுவகையால் விவாதிப்பதிலும் ஒருவரது வாழ்நாட் பணியை எடுத்து நோக்குவது தெளிவு தரும். அதற்கு மிகப் பொருத்தமானவர் யப்பானியக் கலவியலறிஞராகிய யொஷினோரி ஓசுமி. கலங்கள் தம் உட்பொருளைத் தாமே சிதைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை விளக்கியமைக்காக 2016ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெற் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அண்மைக் காலத்தில் இப்பரிசு இருவர்க்கோ மூவர்க்கோ பகிர்ந்தளிக்கப்படுதலே பெரும்பான்மை வழக்கு. பரிசை அறிவித்தபோது நோபெற் குழுவினர் அடிப்படையானவை என்று நான்கே நான்கு ஆய்வுக் கட்டுரைகளைப் பெயர் சுட்டிக் கூறினர். முதலாவது 1992ஆம் ஆண்டும், இரண்டாவது 1993ஆம் ஆண்டும், மூன்றாவது 1998ஆம் ஆண்டும், நான்காவது 2000ஆம் ஆண்டும் வெளிவந்தவை. எட்டாண்டுக் காலத்தில் எழுந்த நான்கு கட்டுரைகள்; அவற்றுள் முதற்கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள். இந்த இடைவெளியிலேதான் மேற்கோட் கணக்கைப் பற்றிய வினா முழுவதும் அடங்கியிருக்கின்றது.

ஓசுமி 1945ஆம் ஆண்டு புக்குவோக்கா நகரிற் பிறந்தவர். தந்தையார் கியூசு பல்கலைக்கழகத்திற் பொறியியற் பேராசிரியர். மகன் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பயின்று 1974ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில், 1972ஆம் ஆண்டு நோபெற் பரிசு பெற்ற ஜெரால்டு எடல்மன் என்பாரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அங்கே அவர்க்கு முதலில் அளிக்கப்பட்ட பொருள் சுண்டெலியின் முட்டைகளைக் கண்ணாடிக் கலத்திற் கருக்கட்டச் செய்தல். அத்துறையில் முன்பயிற்சி சிறிதும் இல்லாதவராகையால் அவர் பெரிதும் இடர்ப்பட்டார். பின்னர் மதுவம் என்னும் ஒருகல உயிரைக்கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கு மாறினார். அப்பஞ்சும் மாவும் புளிக்கப் பயன்படும் அதே மதுவந்தான். அவ்வுயிர் பின்னர் அவரை விட்டு நீங்கவேயில்லை.

1977ஆம் ஆண்டின் இறுதியில் தாய்நாடு திரும்பிய அவர், யசுகிரோ அன்றாக்கு என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். மதுவக் கலத்தினுள்ளே பெரும் பை போல அமைந்த புன்வெற்றிடம் என்னும் உறுப்பை அவர் ஆராயத் தெரிந்தெடுத்தார். அக்காலத்தில் அது கலத்தின் குப்பைத்தொட்டி என்று பலராலும் புறக்கணிக்கப்பட்டிருந்தது. பலரும் விரும்பி ஓடும் துறையில் முந்துவதற்குப் போட்டியிடுவதினும் எவரும் நோக்காத ஒன்றைத் தனித்திருந்து நோக்குவதே தமக்கு உவப்பானது என்று ஓசுமி பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார். புன்வெற்றிடத்தின் மென்சவ்வு அமினோவமிலங்களை எவ்வாறு உள்ளே கடத்துகின்றது என்பது பற்றி அன்றாக்குவுடன் அவர் எழுதிய கட்டுரை 1981ஆம் ஆண்டு வெளிவந்தது. திருத்தமான வேலை, துறைவல்லுநர் மதித்த வேலை. எனினும் உலகின் கண்ணைக் கவரும் பொருளன்று. 1986ஆம் ஆண்டில் விரிவுரையாளர். 1988ஆம் ஆண்டில், நாற்பத்துமூன்றாம் வயதில், தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் கோமபா வளாகத்தில் இணைப்பேராசிரியர். தமக்கெனச் சிறிய ஆய்வுகூடம் ஒன்று அப்போதுதான் அவர்க்குக் கிடைத்தது. அந்த ஆண்டில் எவரேனும் அவருடைய கட்டுரைகளை எண்ணி, மேற்கோள்களைக் கூட்டிப் பார்த்திருப்பின், நடுத்தரத்தார் ஒருவர் என்னும் முடிவுக்கே வந்திருப்பர். அம்முடிவு கணக்களவிற் பிழையுமன்று.

அவர் கண்டது யாதென விளங்குவதற்குக் கலத்தைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். வளர்ந்த மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு உணவாகக் கொள்ளும் புரதம் ஏறத்தாழ 70 கிராம். ஆயின் அவன் உடம்பு நாள்தோறும் புதிதாக ஆக்கும் புரதமோ 200 கிராமுக்கு மேற்பட்டது. எஞ்சியதற்குரிய மூலப்பொருள் எங்கிருந்து வருகின்றது? உடம்பிலுள்ள பழைய புரதங்களே சிதைந்து அமினோவமிலங்களாகி மீண்டும் கட்டப்படுகின்றன. ஆக்கத்தைப் போலவே அழிவும் உயிர்வாழ்க்கையின் ஒரு பாதி. கலமானது தன் உட்பொருளின் ஒரு பகுதியை மென்சவ்வொன்றினாற் பொதிந்து, சமிபாட்டு நொதியங்கள் நிறைந்த உறுப்பிடம் சேர்த்து அழிப்பதைப் பெல்ஜிய அறிஞர் கிறித்தியன் டி டூவ் 1963ஆம் ஆண்டில் ஓட்டோபஜி என்று பெயரிட்டழைத்தார். தான், உண்ணல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. தமிழில் தன்னுண்ணல் எனலாம். சமிபாட்டு நொதியங்களைக் கொண்ட இலைசோசோம் என்னும் உறுப்பைக் கண்டறிந்தவரும் அவரே. அதன்பொருட்டு 1974ஆம் ஆண்டின் நோபெற் பரிசில் அவர்க்குப் பங்கு கிடைத்தது. பெயர் கிடைத்தபின் முப்பதாண்டு கழிந்தும் தன்னுண்ணல் எங்ஙனம் தொடங்குகின்றது, எப்பரம்பரையலகுகள் அதனை நடத்துகின்றன என்பது எவர்க்கும் தெரிந்திலது. விலங்குக் கலத்தில் அந்நிகழ்ச்சி கணத்திலே தோன்றிக் கணத்திலே மறைவதால் அதனைப் பிடித்து ஆராய்தல் அரிதாயிற்று.

ஓசுமியின் கருத்து மிக எளியது. மதுவத்திற் புன்வெற்றிடமே இலைசோசோமின் வேலையைச் செய்கின்றது. அதனுள்ளே உள்ள புரதச்சிதைவு நொதியங்கள் இல்லாத விகாரி மதுவம் ஒன்றைப் பட்டினியிட்டால், உள்ளே புகும் பொருள் சிதையாமல் அங்கேயே தேங்கிநிற்க வேண்டுமன்றோ? வடிகாலை அடைத்துவிட்டு நீர் வருகின்றதா என்று பார்ப்பதைப் போன்றது இது. அவ்வாறே நைதரசன் அற்ற ஊடகத்தில் அக்கலங்களை இட்டுச் சில மணிநேரத்தின்பின் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியின் வழியே நோக்கியபோது, புன்வெற்றிடம் சிறு சிறு உருண்டைகளால் நிறைந்து, அவை ஓயாது துள்ளியாடக் கண்டார். மணிக்கணக்காக அக்காட்சியை விட்டகலாது பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே கூறியுள்ளார். பெருஞ்செலவுக் கருவி எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. பின்னர் மிசுசு பாபா என்னும் அம்மையார் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அவ்வுருண்டைகள் மென்சவ்வாற் பொதியப்பட்ட குழியவுருத் துணுக்குகளே என்று ஐயமற நிறுவினார். இச்செய்தி தாங்கிய கட்டுரை ஜேர்ணல் ஒப் செல் பயோலொஜி என்னும் சஞ்சிகையில் 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் தக்கெஷிகே. இறுதிப் பெயர் ஓசுமி. சோதனையைக் கைப்படச் செய்த இளையவர் முதலிலும் ஆய்வுகூடத் தலைவர் இறுதியிலும் நிற்றல் இத்துறையின் வழக்கு. ஆகவே கலவியற் கட்டுரைகளிற் கடைப்பெயரை நோக்காது முதற்பெயரை மட்டும் எண்ணுவோர் தலைவரின் பணியைக் காணார். கடைப்பெயரை மட்டும் எண்ணுவோர் உழைத்த மாணவரைக் காணார்.

அடுத்த ஆண்டில் வந்த கட்டுரையே எல்லாவற்றுக்கும் அடித்தளம். இரசாயனப் பொருளால் மதுவக் கலங்களில் விகாரங்களை உண்டாக்கி, அவ்வாறு தோன்றிய ஆயிரக்கணக்கானவற்றுள் எதிற் பட்டினிக் காலத்தில் உருண்டைகள் தோன்றவில்லை என்று தேடுவதே முறை. முதலில் ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியிற் பார்த்து ஒரு விகாரியைப் பிடித்தனர். அவ்விகாரி பட்டினியை நெடுநேரம் தாங்காது மற்றவற்றுக்கு முன்பே மடிவது தெரிய வந்தது. தன்னைத்தான் உண்ணத் தெரியாத கலம் பஞ்சத்திலே பிழைக்க மாட்டாது. இவ்வுண்மையையே சல்லடையாகக் கொண்டு மேலும் தேடிப் பதினைந்து பரம்பரையலகுகளை வேறு பிரித்தனர். மிக்கி சுக்காடா என்னும் மாணவியாரும் ஓசுமியும் ஆகிய இருவர் பெயரில் மட்டும் இக்கட்டுரை பெப்ஸ் லெற்றர்ஸ் என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. குறுங்கட்டுரைகளை விரைந்து வெளியிடும் ஐரோப்பிய உயிரிரசாயனச் சங்கங்களின் சஞ்சிகை அது. கட்டுரையின் நீளம் ஆறு பக்கம். நேச்சர், சயன்ஸ், செல் என்னும் மூன்று பெயர்களிலே ஒன்றைக் காணாவிடின் கட்டுரையைப் புரட்டிப் பார்ப்பதும் வீண் என்று கருதும் மதிப்பீட்டாளர் இந்த ஆறு பக்கத்தைக் கடந்து போயிருப்பர் என்பது உறுதி.

இனி மேற்கோட் கணக்கின் வரலாற்றைச் சிறிது நோக்கலாம். அமெரிக்க வழக்கறிஞர் ஒரு தீர்ப்பைப் பின்வந்த எத்தீர்ப்புக்கள் எடுத்தாண்டன என்று அறிவதற்கு 1873ஆம் ஆண்டு முதலே ஒரு சுட்டியைப் பயன்படுத்தி வந்தனர். அதனைக் கண்டு, விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் அத்தகைய சுட்டி வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு சயன்ஸ் சஞ்சிகையில் எழுதியவர் இயூஜீன் காபீல்டு. அவர் பிலடெல்பியா நகரில் நிறுவிய நிலையத்திலிருந்து 1964ஆம் ஆண்டில் விஞ்ஞான மேற்கோட் சுட்டி வெளிவரலாயிற்று. அதன் முதல் நோக்கம் தேடுதல். ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டால், அதனை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளின் வழியே ஒரு கருத்தின் சந்ததியைக் கண்டுவிடலாம். நூலகத்திற் பொருளகராதியைப் புரட்டிக் களைத்தவர்க்கு அஃது ஒரு வரப்பிரசாதம். எந்தச் சஞ்சிகைகளைச் சுட்டியிற் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் பொருட்டே தாக்கக் காரணி என்னும் எண்ணும் வகுக்கப்பட்டது. சஞ்சிகையைத் தெரிவதற்கு எழுந்த எண் மனிதரைத் தெரிவதற்குக் கைம்மாறியது பின்னை நிகழ்ச்சி.

தாக்கக் காரணியைக் கணிக்கும் முறையை அறிந்தோர் சிலர், ஆள்வோர் பலர். ஒரு சஞ்சிகை 1993, 1994 ஆகிய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு 1995ஆம் ஆண்டிற் கிடைத்த மேற்கோள்களைக் கூட்டி, அவ்வீராண்டுக் கட்டுரைகளின் தொகையால் வகுத்து வரும் ஈவே அச்சஞ்சிகையின் 1995ஆம் ஆண்டுத் தாக்கக் காரணி. இதனை ஓசுமியின் இரண்டாவது கட்டுரையோடு பொருத்திப் பார்க்க. 1993இல் வந்த அது 1994, 1995 ஆகிய ஆண்டுகளின் கணிப்பில் மட்டுமே இடம்பெறும். அவ்வாண்டுகளில் அக்கட்டுரை கூறிய பதினைந்து பரம்பரையலகுகளின் அமைப்பு உலகுக்குத் தெரியாது. அவற்றை இனங்கண்டு கூறும் கட்டுரைகள் 1996, 1997 ஆகிய ஆண்டுகளில்தான் ஒவ்வொன்றாக வரத்தொடங்கின. அவ்வாறு வந்தபோதும், அப்பரம்பரையலகுகள் முன்னறியப்பட்ட எவற்றோடும் ஒத்திராமையாற் பெரும்பாலானவற்றின் தொழில் யாதென ஊகிக்கவும் முடியவில்லை. விதை மண்ணுக்குள் இருந்த ஈராண்டில் மரத்தின் நிழலை அளந்து முடித்துவிட்டது அக்கணிப்பு. பின்னர் அக்கட்டுரை பெற்ற மேற்கோள்கள் ஆயிரத்தைத் தாண்டியவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தாக்கக் காரணியின் கண்ணுக்கு எட்டாத காலத்தில் வந்தவை.

அத்துறை எத்துணைச் சிறியதாயிருந்தது என்பதும் இங்கே நினையத்தக்கது. தாம் தொடங்கிய காலத்தில் தன்னுண்ணல் பற்றி ஆண்டொன்றுக்கு இருபது கட்டுரைகளுக்கு மேல் வருவதில்லை என்றும், பரிசு பெறும் காலத்தில் அத்தொகை ஐயாயிரத்துக்கு மேற்பட்டுவிட்டது என்றும் 2016இல் ஓசுமி கூறினார். இருபது பேர் எழுதும் துறையில் ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்ட இயலும்? எல்லோரும் காட்டினாலும் இருபதுதான். மேற்கோட்டொகை கட்டுரையின் எடையை மட்டுமன்று, அதைச் சூழ நிற்கும் கூட்டத்தின் பருமனையும் சேர்த்தே காட்டுகின்றது. புதிய துறையைத் திறப்பவர் தனித்து நிற்பவராதலால் அவரைச் சூழக் கூட்டம் இராது. கணக்கைக்கொண்டு ஆளைத் தெரியும் முறை இவ்வாற்றால் முன்னோடிகளுக்கே பெரிதும் தீங்கு செய்கின்றது. இதனை நடுநிலையான சிறு குறைபாடு என்று தள்ளிவிடுதல் இயலாது.

1996ஆம் ஆண்டு ஓசுமி ஒக்காசாக்கி நகரிலுள்ள தேசிய அடிப்படை உயிரியல் நிலையத்திற் பேராசிரியரானார். வயது ஐம்பத்தொன்று. அங்கே நொபோரு மிசுஷிமா, தமொத்சு யொஷிமோரி முதலிய திறமையாளர் வந்து சேர்ந்தனர். 1998ஆம் ஆண்டு மிசுஷிமாவை முதலாசிரியராகக் கொண்டு நேச்சர் சஞ்சிகையில் வந்த கட்டுரை, அப்பதினைந்தனுள் ஒன்று ஆக்கும் சிறு புரதம் மற்றொரு புரதத்தோடு வன்பிணைப்பாற் கூடுகின்றது என்று காட்டியது. யுபிக்குயிற்றின் என்னும் சிறு புரதம் பிற புரதங்களிற் சேர்ந்து அவற்றை அழிவுக்கு அடையாளமிடும் முறை முன்னரே அறியப்பட்டது. அதனைக் கண்டோர்க்கு 2004ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெற் பரிசு கிடைத்தது. அம்முறையை ஒத்த வேறொரு முறை தன்னுண்ணலிலும் உண்டு என்பது எவரும் எதிர்பாராதது. 2000ஆம் ஆண்டு இச்சிமுராவை முதலாசிரியராகக் கொண்ட கட்டுரை அதனிலும் வியப்பானது. அங்கே சிறு புரதம் இணைவது மற்றொரு புரதத்தோடன்று. மென்சவ்வை ஆக்கும் கொழுப்புப் பொருளோடு. பொதிசவ்வு எவ்வாறு வளர்கின்றது என்பதற்கு முதற் குறிப்பு இதனாற் கிடைத்தது. செருமனியில் மைக்கேல் தும் என்பாரும், அமெரிக்காவில் டானியல் கிளையோன்ஸ்கி என்பாரும் வேறு வழிகளால் இதே பரம்பரையலகுகளை வந்தடைந்திருந்தனர். மூன்று கூட்டத்தார் மூன்று பெயர்களால் வழங்கிய குழப்பம் 2003ஆம் ஆண்டிற் பொதுப்பெயர் வகுத்துத் தீர்க்கப்பட்டது. பழைய கட்டுரைகளைப் படிக்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

நோபெற் குழுவினர் சுட்டிய நான்கனுள் அடங்காத ஐந்தாவது கட்டுரை ஒன்றை இங்கே கூறாது விடலாகாது. 2000ஆம் ஆண்டு எம்போ ஜேர்ணலில் வெளிவந்த அதன் முதலாசிரியர் கபெயா, இறுதியாசிரியர் யொஷிமோரி, ஓசுமி அவர்க்கு முன்னிற்பவர். மதுவத்தில் கொழுப்போடு இணையும் அச்சிறு புரதத்துக்கு நிகரானது முலையூட்டிகளிலும் உண்டு என்றும், அது பொதிசவ்விலே படிகின்றது என்றும் அக்கட்டுரை காட்டியது. எல்சீ3 என்பது அப்புரதத்தின் பெயர். அதற்கு ஒளிரும் புரதமொன்றை ஒட்டிவிட்டால் எந்த விலங்குக் கலத்திலும் தன்னுண்ணல் நடைபெறுவதைப் புள்ளிபுள்ளியாகக் கண்ணாற் காணலாம். புற்றுநோயை ஆராய்வோர், நரம்புநோயை ஆராய்வோர், கிருமித்தொற்றை ஆராய்வோர் யாவரும் இக்கருவியைக் கையிலெடுத்தனர். எடுத்த ஒவ்வொருவரும் அக்கட்டுரையை மேற்கோள் காட்டினர். ஓசுமி பங்குகொண்ட ஆய்வுக் கட்டுரைகளுள் மேற்கோட்டொகையால் முன்னிற்பது இதுவே. பல ஆயிரக்கணக்கிற் செல்லும் அத்தொகை, 1993ஆம் ஆண்டின் ஆறு பக்கத்தைப் பின்னே தள்ளிவிடுகின்றது. ஆயினும் பரிசுக்குரியவற்றைத் தேர்ந்தோர் அந்த ஆறு பக்கத்தையே எடுத்தனர், எல்சீ3 கட்டுரையை எடுத்தாரல்லர்.

இது முரண்பாடு போலத் தோன்றினும் காரணம் வெளிப்படை. கருவியைத் தருவது கருத்தைத் தருவதினும் மிகுதியாக மேற்கோள் பெறும். இதற்கு உச்ச எடுத்துக்காட்டு ஒலிவர் லவுறி என்னும் அமெரிக்க உயிரிரசாயனவியலார். ஒரு கரைசலிற் புரதம் எவ்வளவு உண்டு என்று அளக்கும் முறையைக் கூறி அவரும் துணைவரும் 1951ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை, 2014ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களோடு உலகில் முதலிடத்தில் நின்றது. அது சிறந்த கட்டுரையன்று என்பதைத் தாம் நன்கறிந்ததாக லவுறியே கூறியுள்ளார். அத்தகைய நேர்மை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. மறுதலையாக, மிகப் பெரிய உண்மைகள் சில காலத்தின்பின் மேற்கோளே பெறாது போகின்றன. அவை பாடநூலிற் சேர்ந்து எல்லோர்க்கும் பொதுவுடைமையாகிவிடுதலால், அவற்றை முதலிற் சொன்னவரைச் சுட்ட வேண்டும் என்று எவர்க்கும் தோன்றுவதில்லை.

இவ்விடர்களைக் களையும் நோக்கத்தோடு 2005ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலார் புதியதோர் எண்ணை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது மேற்கோள் பெற்றவை இருபது இருப்பின் அவருடைய சுட்டெண் இருபது. முப்பது முப்பதாக இருப்பின் முப்பது. ஒரே ஒரு கட்டுரையின் பெருந்தொகையால் ஒருவர் உயர்ந்துவிடாமலும், எவரும் படிக்காத கட்டுரைகளைக் குவித்து ஒருவர் உயர்ந்துவிடாமலும் இது காக்கும். வகுத்த முறை அழகியது என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்வெண் கட்டுரைகளின் தொகையை ஒருபோதும் மீறாது. ஓசுமி தம் வாழ்நாளில் அந்த நான்கு கட்டுரைகளை மட்டுமே எழுதியிருப்பின் அவருடைய சுட்டெண் நான்கு. ஆண்டுதோறும் சிறு சிறு திருத்தங்களை வெளியிட்டு இருபதாண்டு கழித்த ஒருவர் அவரினும் ஐந்து மடங்கு உயர்ந்தவராவார்.

பலர் கூடி எழுதும் கட்டுரைகள் வேறொரு சிக்கல். தன்னுண்ணலை அளக்கும் முறைகளைப் பற்றிய வழிகாட்டுக் கட்டுரையொன்றைக் கிளையோன்ஸ்கி தொகுத்துச் சில ஆண்டுக்கொருமுறை புதுக்கி வெளியிடுகின்றார். 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் ஆசிரியர் தொகை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டது. நூல் பயனுள்ளது, அதனைத் துணைக்கொள்ளாத ஆய்வுகூடம் அத்துறையில் இல்லை. ஆயின் அது பெறும் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள், ஒரு பந்தி திருத்தியவர்க்கும் முழுவதும் தொகுத்தவர்க்கும் கணிப்பொறியில் ஒரே அளவாகவே எழுதப்படுகின்றன. ஊர்கூடித் தேரிழுத்த பின்னர், தேரைத் தனியே இழுத்தவர் என்று இரண்டாயிரம் பேர்க்கும் தனித்தனியே சான்று வழங்குவதை ஒத்தது இக்கணக்கு.

இத்தகைய கணக்குக்கு எதிர்ப்பு முதலிற் கலவியலார் நடுவிலிருந்தே வலுத்தெழுந்தமை குறிப்பிடத்தக்கது. ஓசுமியின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட அதே ஜேர்ணல் ஒப் செல் பயோலொஜியின் ஆசிரியர் குழுவினர், தம் சஞ்சிகைகளுக்கும் வேறு சிலவற்றுக்கும் உரிய மேற்கோள் விவரங்களைக் கணக்கிட்ட நிறுவனத்தாரிடமிருந்து விலைகொடுத்து வாங்கித் தாமே கூட்டிப் பார்த்தனர். வெளியிடப்பட்ட தாக்கக் காரணி அவ்விவரங்களிலிருந்து வரவில்லை. மூலத் தரவைக் காட்டாத ஆய்வுக் கட்டுரையை எந்தச் சஞ்சிகையும் ஏற்காதபோது, தரவு காட்டப்படாத எண்ணை விஞ்ஞானிகள் ஏற்பது எங்ஙனம் என்று 2007ஆம் ஆண்டின் ஆசிரியத் தலையங்கத்திற் கேட்டனர். 2012ஆம் ஆண்டு திசெம்பரில் அமெரிக்கக் கலவியற் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்றபோது சஞ்சிகை ஆசிரியரும் வெளியீட்டாளரும் கூடி ஒரு பிரகடனத்தை வரைந்தனர். அது 2013ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்டது. சஞ்சிகையின் தாக்கக் காரணியை ஒரு தனிக் கட்டுரையின் தரத்துக்கோ ஒரு விஞ்ஞானியின் தகுதிக்கோ அளவுகோலாகக் கொள்ளற்க, பதவிக்கும் உயர்வுக்கும் நிதிக்கும் அதனை ஆதாரமாக்கற்க என்பதே அதன் சாரம். உலகெங்கணும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் தனியாரும் அதிற் கையொப்பமிட்டுள்ளனர். கையொப்பமிட்ட பின்னரும் பழைய வழியிலே நடப்போர் இலர் என்று சொல்வதற்கில்லை.

இனி மறுபக்கத்தையும் கூறுதல் நீதி. பிரகடனம் வெளிவந்த அதே 2013ஆம் ஆண்டில், மேற்கோட் சுட்டியை நடத்திய தொம்சன் றொயிற்றர்ஸ் நிறுவனம், நோபெற் பரிசு பெறத்தக்கார் என்று தன் கணக்கின் துணைகொண்டு ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் மிசுஷிமா, ஓசுமி, கிளையோன்ஸ்கி ஆகிய மூவரையும் சேர்த்தது. மூன்றாண்டின்பின் ஓசுமிக்குப் பரிசு வந்தது. ஆகவே மேற்கோட் கணக்குக் குருட்டுக் கணக்கு என்று ஒதுக்குதல் பொருந்தாது. பரிந்துரைக் கடிதத்தில் இருக்கக்கூடிய நட்பும் பகையும் அதில் இல்லை. செல்வாக்கற்ற சிற்றூர்க் கல்லூரியில் இருப்பவரின் கட்டுரையும் எடுத்தாளப்பட்டால் எண்ணப்படும். ஆயின் அப்பட்டியல் வெளிவந்தது முதற்கட்டுரை பிறந்து இருபத்தோராண்டின் பின். அதற்கு முந்திய 2012ஆம் ஆண்டிலேயே கியோத்தோப் பரிசு அவர்க்குக் கிடைத்துவிட்டது. துறை வளர்ந்து முடிந்தபின் அதனை வளர்த்தவர் யார் என்று கேட்டால் கணக்கு செவ்வையாக விடை கூறும். 1988இல், கையில் ஒரு நுணுக்குக்காட்டியும் சில மதுவக் கலங்களும் வைத்திருந்த நாற்பத்துமூன்று வயதினர்க்கு ஓர் அறையும் இரண்டு மாணவரும் கொடுக்கலாமா என்று கேட்டால் அதனிடம் விடை இல்லை. அவ்விடையைக் கூறியவர்கள் அவருடைய வேலையைப் படித்து, அவரோடு பேசி, தம் மதியை நம்பித் துணிந்த மூத்த ஆசிரியர்களே. அவர்களுடைய பெயர்கள் எந்தச் சுட்டியிலும் இக்காரணத்துக்காகப் பதியப்படவில்லை.

2009ஆம் ஆண்டில் ஓசுமி தோக்கியோத் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறினார். பரிசு பெற்றபின் யப்பானிய அரசினரையும் மக்களையும் நோக்கி அவர் திரும்பத் திரும்பக் கூறியது ஒன்றுண்டு: உடனடிப் பயன் யாது என்று கேட்டுக் கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குரிய நிலையான நிதியைக் குறைத்து வருவதால், இளைஞர் சில ஆண்டுக்குள் கட்டுரையாகக் கூடிய பொருளையே நாடுகின்றனர் என்பது. மதுவத்தின் புன்வெற்றிடத்தை ஆராயத் தொடங்கியபோது அது புற்றுநோயோடோ நரம்புநோயோடோ தொடர்புறும் என்று தாம் எண்ணியதில்லை என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். 2017ஆம் ஆண்டில் தம் பரிசுப் பணத்தின் ஒரு பகுதியை முதலாக வைத்து அடிப்படை விஞ்ஞானத்துக்கென ஒரு நிதியம் நிறுவினார். பயன் இன்னதென்று முன்கூட்டியே சொல்ல இயலாத ஆராய்ச்சிகளுக்கு அந்நிதியம் உதவி வருகின்றது.